ஜெனீவாவுக்குள் வாழ முடியாத ஜெனீவா ஆயர்: புனித பிரான்சிஸ் சலேசியார் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பிரான்சிஸ் சலேசியார் யார்?

1567 முதல் 1622 வரை வாழ்ந்த கத்தோலிக்க ஆயர், இறையியலாளர், எழுத்தாளர். அவருடைய மண் சவாய். இன்று பிரான்சின் தென்கிழக்கில் ஆல்ப்ஸ் மலைப்பகுதியில் இருக்கிறது. அந்தக் காலத்தில் அது ஒரு கோமகனின் ஆட்சியில் இருந்த தனி நாடு. 1602 முதல் சாகும்வரை ஜெனீவாவின் ஆயராக இருந்தார்.

அவரைப் பற்றிப் பேசும் எல்லாரும் 'சாந்தமான புனிதர்' என்று சொல்லி முடித்துவிடுகிறார்கள். அது உண்மைதான். ஆனால் அந்தச் சாந்தம் அவருக்குச் சும்மா வந்துவிடவில்லை. பத்தொன்பது வயதில் 'நான் நரகத்துக்குத்தான் போவேன்' என்று நம்பி நடுங்கிய பையன் அவர். கோபம் சட்டென்று தலைக்கேறும் ரத்தம் அவருடையது. அதைத் தெரிந்துகொண்டு படித்தால் அவர் எழுதிய ஒவ்வொரு வரிக்கும் எடை கூடுகிறது. இந்தப் பக்கத்தை எழுத உட்கார்ந்ததே அதற்காகத்தான்.

'சலேசியார்' என்றால் டான் போஸ்கோ சபையினர்தானே? இரண்டு பேரும் ஒருவரா?

இல்லை, இது நம் ஊரில் அடிக்கடி நடக்கும் குழப்பம். பிரான்சிஸ் பிறந்த குடும்பத்தின் பெயர் 'சேல்ஸ்'. அதிலிருந்து வந்ததுதான் 'சலேசியார்'. டான் போஸ்கோ அவருக்கு இரண்டரை நூற்றாண்டு கழித்து இத்தாலியின் தூரின் நகரில் வாழ்ந்தவர். தெருவில் திரிந்த பையன்களை அடிக்காமல், மிரட்டாமல் வளர்க்க வேண்டும் என்று நினைத்தபோது அவருக்கு முன்மாதிரியாகத் தெரிந்தவர் பிரான்சிஸ். அதனால் 1859இல் தொடங்கிய சபைக்கு அவர் பெயரையே வைத்தார். அந்தச் சபையார் 1906இல் இந்தியாவுக்கு வந்து முதலில் பணி தொடங்கிய இடம் தஞ்சாவூர். அப்படித்தான் தமிழ்நாட்டில் 'சலேசியர்' என்ற சொல் பள்ளிக்கூடத்தோடும் கால்பந்து மைதானத்தோடும் சேர்ந்துகொண்டது.

அவர் பெயரைத் தாங்கிய இன்னொரு சபையும் உண்டு. 1838இல், அவர் ஆயராக இருந்து பணிசெய்த அன்னசி நகரிலேயே தொடங்கியது. அவர்கள் 1840களிலேயே விசாகப்பட்டினத்துக்கு வந்துவிட்டார்கள்.

எங்கே பிறந்தார், என்ன படித்தார்?

1567 ஆகஸ்ட் 21, தொரன்ஸ் என்ற ஊரில் இருந்த சேல்ஸ் கோட்டையில். பிரபுக் குடும்பம், மூத்த மகன். அப்பாவுக்கு ஒரே கனவு: பையன் சட்டம் படித்து சவாய் நாட்டின் உயர் நீதிமன்றமான செனட்டில் உட்கார வேண்டும். பக்கத்து ஊர்ப் பள்ளிகளில் படிக்க வைத்து, அப்புறம் பாரீசில் இயேசு சபையார் நடத்திய கிளெர்மோன் கல்லூரிக்கு அனுப்பினார். அங்கே லத்தீனும் மெய்யியலும் படித்தார். பிரபு வீட்டுப் பிள்ளை என்பதால் குதிரையேற்றம், வாள் வீச்சு, நடனம் எல்லாமே உண்டு. இறையியல் மட்டும் அப்பாவின் பட்டியலில் இல்லை. பிரான்சிஸ் அதைத் தானாகவே தேடிப் போய்க் கற்றார்.

பாரீசில் அவருக்கு வந்த நெருக்கடி என்ன?

அவர் வாழ்க்கையின் சாவி இங்கேதான் இருக்கிறது.

அந்தக் காலத்து ஐரோப்பா முழுக்க ஒரு கேள்வி எரிந்துகொண்டிருந்தது. யார் மீட்படைவார், யார் அழிவார் என்பதைக் கடவுள் முன்கூட்டியே குறித்துவிட்டாரா? ஜான் கால்வினைப் பின்பற்றிய புராட்டஸ்டன்டுகளான கால்வினியர்கள் இதை அழுத்திப் பேசினார்கள். கத்தோலிக்கப் பள்ளிகளிலும் அகுஸ்தினார், அக்குவினார் என்ற பழைய இறையியலாளர்களை வைத்து இதே சண்டை நடந்தது. வகுப்பில் இருந்தவர்களுக்கு அது விவாதம். பிரான்சிசுக்கு அது நெஞ்சில் இறங்கிவிட்டது. 1586 டிசம்பர் மாதம், வயது பத்தொன்பது. தான் அழிவுக்குக் குறிக்கப்பட்டவன் என்ற எண்ணம் பிடித்துக்கொண்டது. சாப்பாடு இறங்கவில்லை, தூக்கம் இல்லை, உடம்பு மஞ்சளித்துப்போனது. ஏறக்குறைய ஆறு வாரம் இப்படியே போயிற்று.

இதற்கு நடுவில் அவர் செய்த ஒரு ஜெபத்தின் சாரம் நமக்குக் கிடைத்திருக்கிறது. 'ஆண்டவரே, மறுவாழ்வில் உம்மை அன்பு செய்ய எனக்குக் கொடுத்துவைக்கவில்லை என்றால், இந்த வாழ்விலாவது உம்மை அன்பு செய்கிறேன்.' நிபந்தனையே இல்லாத ஜெபம் அது. தனக்கு எதுவும் கிடைக்காது என்று முழுமையாக நம்பிய ஒருவர் சொன்னது.

1587 ஜனவரியில் ஒருநாள், கல்லூரியிலிருந்து திரும்பும் வழியில் ஒரு கோயிலுக்குள் போனார். அங்கே கறுப்பு நிற மாதா சுரூபம் ஒன்று இருந்தது. சுவரில் தொங்கிய பலகையில், நம் வீடுகளில் 'மிகவும் இரக்கமுள்ள தாயே' என்று தொடங்கிச் சொல்வோமே, அதே ஜெபம். முழங்காலிட்டு அதைச் சொன்னார். எழுந்தபோது பயம் தோல் உரிவதுபோல உரிந்து விழுந்தது என்று பின்னாளில் சொன்னார்.

அதற்குப் பிறகு முன்குறித்தல் பற்றி அவர் என்ன எழுதினாலும் அடியில் ஒரே உறுதிதான்: கடவுள் எல்லாரும் மீட்புப் பெறவே விரும்புகிறார். இது வெறும் கொள்கை முடிவாக வந்ததல்ல. ஆறு வாரம் இருட்டில் கிடந்து கண்டுபிடித்தது.

தன் உடலை மருத்துவ மாணவர்களுக்குக் கொடுக்கச் சொன்னாராமே?

ஆமாம். 1588இல் சட்டம் படிக்க இத்தாலியின் பதுவா நகருக்குப் போனார். அங்கே கடுமையான காய்ச்சல் வந்து பிழைக்க மாட்டார் என்ற நிலை. இறுதிச் சடங்குக்கு என்ன ஏற்பாடு என்று கேட்டபோது, தன் உடலை அறுவைப் பாடத்துக்காக மருத்துவ மாணவர்களிடம் கொடுத்துவிடும்படி சொன்னார். பதுவாவில் மருத்துவ மாணவர்கள் கல்லறைகளைத் தோண்டிப் பிணங்களைத் திருடுவதும், அதனால் ஊரில் கைகலப்பு நடப்பதும் வழக்கமாக இருந்தது. தன் உடம்பாவது ஒரு சண்டையைக் குறைக்கட்டும் என்று நினைத்தார். பிழைத்துவிட்டார். 1591இல் சட்டத்தில் முனைவர் பட்டமும் பெற்றார்.

வழக்கறிஞர் குருவானது எப்படி?

அப்பா எல்லாவற்றையும் தயாராக வைத்திருந்தார். ஷாம்பெரி செனட்டில் வழக்கறிஞராகப் பதிவு, நல்ல இடத்தில் பெண், சட்டப் புத்தகங்கள் நிறைந்த நூலகம். மகனோ குருவாக வேண்டும் என்பதைச் சொல்லத் துணிவில்லாமல் நாள் கடத்திக்கொண்டிருந்தார். அவருடைய ஒன்றுவிட்ட சகோதரர் லூயி ஒரு வழி செய்தார். ஜெனீவா மறைமாவட்டக் குருக்கள் குழுவின் தலைவர் பதவி காலியாக இருந்தது. ஆயருக்கு அடுத்தபடியான மரியாதை அதற்கு உண்டு. அதைத் திருத்தந்தையிடமிருந்து பிரான்சிசுக்கு வாங்கிக் கொடுத்தார். பதவியைக் காட்டியதும் அப்பா அரைமனதாக இறங்கிவந்தார். 1593 டிசம்பர் 18 அன்று குருவானார், இருபத்தாறு வயதில்.

ஜெனீவாவின் ஆயர் என்கிறீர்கள், பிறகு ஏன் ஜெனீவாவில் இல்லை?

ஜெனீவா 1536இல் புராட்டஸ்டன்ட் சீர்திருத்தத்தை ஏற்றுக்கொண்டது. பிறகு கால்வினின் நகரமாகவே ஆனது. கத்தோலிக்க ஆயருக்கு அங்கே இடமில்லை. ஆயரகத்தின் வருமானமும் கையைவிட்டுப் போயிற்று. அதனால் ஜெனீவாவின் ஆயர்கள் தெற்கே அன்னசி என்ற சிறிய ஏரிக்கரை நகரத்தில் இருந்துகொண்டு நிர்வாகம் பார்த்தார்கள். பிரான்சிஸ் ஆயரான பிறகும் அங்கே வாடகை வீட்டில்தான் இருந்தார்.

ஒரு கணக்கைப் பாருங்கள். 1602 டிசம்பர் 8 அன்று, தான் சிறுபிள்ளையாக ஓடியாடிய தொரன்ஸ் கோயிலிலேயே அவர் ஆயராகத் திருநிலைப்படுத்தப்பட்டார். அதே மாதம், அவருடைய நாட்டின் கோமகன் முதலாம் சார்லஸ் இம்மானுவேல், ஓர் இரவில் ஏணிகளோடு படையை அனுப்பி ஜெனீவாவின் மதிலில் ஏற வைத்தார். ஊர் விழித்துக்கொண்டது, படை தோற்றது. அந்த வெற்றியை ஜெனீவா இன்றும் ஒவ்வொரு டிசம்பரிலும் சாக்லேட்டில் செய்த பானையை உடைத்துக் கொண்டாடுகிறது. இப்போது அந்தப் புது ஆயரின் நிலையை யோசியுங்கள். நகரத்து மக்களின் மனதைத் தொட வேண்டும் என்று ஏங்குகிறவர் அவர். அந்த மக்களுக்கோ அவர் ஏணியோடு வந்தவர்களின் ஆள். இந்த வலி கடைசிவரை அவரோடு இருந்தது.

ஷாப்லே பணி என்றால் என்ன? கதவிடுக்கில் துண்டுத்தாள் செருகியது அங்கேதானா?

ஆமாம். ஷாப்லே, ஜெனீவா ஏரியின் தென்கரைப் பகுதி. 1536இல் பெர்ன் நகரத்தார் அதைப் பிடித்து மக்களைச் சீர்திருத்த சபைக்கு மாற்றினார்கள். பிறகு அது சவாயிடம் திரும்பியது. இரண்டு தலைமுறை கடந்துவிட்டதால் அங்கே கத்தோலிக்கர் விரல்விட்டு எண்ணும் அளவுக்குத்தான் மிஞ்சியிருந்தார்கள். அங்கே போக யாரும் முன்வரவில்லை. 1594 செப்டம்பரில், குருவாகி ஓராண்டுகூட ஆகாத பிரான்சிசும் லூயியும் கிளம்பினார்கள். அப்பா முகம் கொடுத்துப் பேசவில்லை.

இரவில் அல்லிங்ஜ் என்ற குன்றின் மேலிருந்த படைக் கோட்டையில் தங்குவார். பகலில் மலையிறங்கித் தொனோன் நகரத்துக்கு நடந்துபோய் மறையுரை ஆற்றுவார். மாலையில் திரும்ப ஏறுவார். ஆல்ப்ஸ் குளிர்காலம். ஓர் இரவு ஓநாய்களுக்குப் பயந்து மரத்தில் ஏறித் தன்னைக் கிளையோடு கட்டிக்கொண்டு விடியும்வரை இருந்தார் என்பார்கள். கொல்லவும் முயன்றிருக்கிறார்கள். இவ்வளவும் தாங்கிக்கொண்டு போய் நின்றால், கேட்க ஆளில்லை. கத்தோலிக்கக் குருவின் பேச்சைக் கேட்கக் கூடாது என்று ஊர்ப் பெரியவர்கள் தடுத்துவிட்டிருந்தார்கள்.

'காது வராவிட்டால் கண்ணாவது வரட்டும்' என்பதுபோல ஒரு யோசனை பிறந்தது. சொல்ல வந்ததைச் சின்னச் சின்னத் தாள்களாக எழுதினார். வாரம் தவறாமல் எழுதி, படியெடுத்து, வீடுகளுக்குள் போய்ச்சேர வைத்தார். பொது இடங்களில் ஒட்டினார், கதவிடுக்கில் செருகினார் என்று வழிவழியாகச் சொல்கிறார்கள். மறையுரைக்கு வர அஞ்சியவர்கள் விளக்கை ஏற்றிவைத்து அதைப் படித்தார்கள். அந்தத் தாள்கள் அவர் இறந்து ஐம்பது ஆண்டு கழித்து, 1672இல் புத்தகமாக வந்தன.

முதல் இரண்டு வருடம் பலன் ஏதும் இல்லை என்றே சொல்லலாம். பிறகு ஊரின் முக்கியமான சிலர், அதிலும் ஒரு வழக்கறிஞர், திரும்பி வந்தார்கள். 1598இல் தொனோனில் நாற்பது மணி நேர நற்கருணை ஆராதனை நடந்தபோது கூட்டம் கூட்டமாக மக்கள் வந்து சேர்ந்தார்கள்.

எல்லாரும் மனம்மாறியது அன்பால் மட்டும்தானா? அரசாங்கத்தின் கட்டாயம் இல்லையா?

இருந்தது. இதை மறைத்து எழுதப்படும் புனிதர் வரலாறுகள் எனக்குப் பிடிப்பதில்லை. 1598இல் கோமகன் தானே தொனோனுக்கு வந்தார். சீர்திருத்த சபையில் நீடிப்பவர்களுக்கு அரசுப் பதவி இல்லை, மறுப்பவர்கள் வெளியேறலாம் என்ற நிலை வந்தது. பிரான்சிசும் தன் காலத்து மனிதர்தான். நாட்டுக்கு ஒரே மதம் என்பதை அவர் கேள்வி கேட்கவில்லை, கோமகனின் உதவியையும் நாடினார். இன்று நாம் மதச் சுதந்திரம் என்று சொல்வதை அவரிடம் தேடினால் கிடைக்காது.

அதே நேரம், அரச உதவி வருவதற்கு முன்பே நான்கு குளிர்காலம் அவர் நடந்தார். எதிர்த்தரப்பைத் திட்டும் மறையுரைகள்தான் அந்தக் காலத்து வழக்கம். அதை அவர் பெரும்பாலும் தவிர்த்தார். அன்போடு மறையுரை ஆற்றுகிறவர், கால்வினியரைப் பெயர் சொல்லித் தாக்காவிட்டாலும், போதுமான அளவு பதில் சொல்லிவிட்டார் என்பதுதான் அவர் எண்ணம். இரண்டையும் சேர்த்துத்தான் பார்க்க வேண்டும்.

கால்வினின் சீடர் தியோடர் பேசாவைச் சந்தித்தாரா?

சந்தித்தார். 1597இல், திருத்தந்தை எட்டாம் கிளமென்ட் கேட்டுக்கொண்டதன்பேரில், இரகசியமாக ஜெனீவாவுக்குள் போனார். பேசாவுக்கு அப்போது எழுபத்தெட்டு வயது இருக்கும். கால்வினுக்குப் பின் அந்த நகரத்தின் தலைவர். கத்தோலிக்கத் திருச்சபைக்குள் மீட்பு உண்டா என்று பிரான்சிஸ் கேட்டதாகவும், பேசா நீண்ட நேரம் யோசித்துவிட்டு 'உண்டு' என்றதாகவும் பதிவு இருக்கிறது. ஒன்றுக்கு மேற்பட்ட முறை பேசினார்கள். பேசா மாறவில்லை. ஆனால் எரிப்பதும் நாடுகடத்துவதும் சாதாரணமாக இருந்த காலத்தில், இரண்டு பேர் மரியாதையோடு எதிரெதிரே உட்கார்ந்து பேசினார்கள் என்பதே பெரிய விஷயம்.

ஆயராக அவர் அன்றாடம் என்ன செய்தார்?

ஞானோபதேசம் சொல்லிக்கொடுத்தார். ஞாயிற்றுக்கிழமைகளில் அன்னசியின் தெருப் பிள்ளைகளைக் கூட்டி ஆயரே உட்கார்ந்து பாடம் எடுப்பார். பெரியவர்களும் வந்து பின்னால் நின்று கேட்பார்கள். வருடக் கணக்கில் குதிரையிலும், குதிரை போகாத இடத்தில் நடந்தும் மலைப் பங்குகள் எல்லாவற்றையும் போய்ப் பார்த்தார். பாவசங்கீர்த்தனம் கேட்டார், பிணக்குகளைத் தீர்த்தார், குருக்களுக்குப் பாடம் சொன்னார். ஆயிரக்கணக்கான கடிதங்கள் எழுதினார்.

இதற்கிடையில் 1606–07 வாக்கில் நண்பரும் சட்ட மேதையுமான அந்துவான் ஃபாவ்ரோடு சேர்ந்து அன்னசியில் ஒரு கல்விக்கழகத்தையும் தொடங்கினார். கணிதம், வானியல், மொழி எல்லாம் அங்கே பேசப்பட்டன. பாரீசில் பிரெஞ்சு அகாதெமி தோன்றியது அதற்குக் கால் நூற்றாண்டுக்கும் மேல் கழித்துத்தான்.

இவை எல்லாவற்றையும்விட என் மனதில் நிற்பது மார்த்தின் கதை. பேசவும் கேட்கவும் முடியாத இளைஞன். அவனுக்கு ஞானோபதேசம் சொல்ல வழியில்லை, எனவே நற்கருணை வாங்க முடியாது என்று விட்டுவிட்டிருந்தார்கள். பிரான்சிஸ் அவனைத் தன் வீட்டிலேயே சேர்த்துக்கொண்டார். இருவரும் சைகைகளை உருவாக்கிக்கொண்டார்கள். ஆயர் தன் கையாலேயே அவனுக்குக் கடவுளைப் பற்றிச் சொல்லிக்கொடுத்து, நற்கருணையும் கொடுத்தார். காதுகேளாதோரின் பாதுகாவலராக அவரை வணங்குவது அதனால்தான்.

அவருடைய புகழ்பெற்ற நூல் எது? அதில் அப்படி என்ன புதுமை?

'பக்தி வாழ்வுக்கு ஓர் அறிமுகம்'. 1609இல் வந்தது. முதலில் அது புத்தகமே இல்லை. லூயிஸ் தெ ஷார்முவாசி என்ற குடும்பப் பெண்ணுக்கு ஆன்ம வழிகாட்டுதலாக எழுதிக்கொடுத்த குறிப்புகள். அவர் அதை ஓர் இயேசு சபைக் குருவிடம் காட்ட, அவர் 'இதை அச்சிட்டே ஆக வேண்டும்' என்று விடாப்பிடியாக நின்றார். புத்தகத்தில் பிரான்சிஸ் அந்தப் பெண்ணின் பெயரை எடுத்துவிட்டு 'பிலோத்தேயா' என்று அழைத்தார். கடவுளை அன்பு செய்யும் ஆன்மா என்று பொருள்.

அதுவரை ஆன்மிகம் என்றால் மடம். ஆழமாக ஜெபிக்க வேண்டுமா, உலகத்தை விடு. பிரான்சிஸ் அப்படியே மாற்றிப் பேசினார். படைவீரனின் கூடாரத்திலிருந்தும் கைவினைஞனின் பட்டறையிலிருந்தும் அரசவையிலிருந்தும் மணமானவர்களின் வீட்டிலிருந்தும் பக்தியைத் துரத்துவது தப்பறை என்றே எழுதினார். அவர் கேட்கும் கேள்விகள் நம் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து கேட்பதுபோல இருக்கும். ஆயர் முனிவர்போலத் தனிமையில் உட்கார்ந்துவிட்டால் ஆகுமா? பிள்ளைகுட்டிக்காரன் கப்புச்சின் துறவிபோல நாலு காசு சேர்க்காமல் இருக்கலாமா? கைவினைஞன் நாளெல்லாம் கோயிலிலேயே கிடந்தால் வீடு என்னாவது? ஒவ்வொருவரின் பக்தியும் அவரவர் வேலைக்கும் உடல்பலத்துக்கும் கடமைக்கும் பொருந்த வேண்டும். தேனீ பூவிலிருந்து தேனை எடுக்கிறது, பூ வாடுவதில்லை. உண்மையான பக்தியும் வாழ்க்கையை அப்படித்தான் தொட வேண்டும்.

புத்தகம் உடை, நட்பு, சூதாட்டம், நடனம், வதந்தி என்று எல்லாவற்றையும் பேசுகிறது. ஓர் அதிகாரம் முழுக்க, நம்மிடமே நாம் சாந்தமாக இருப்பது பற்றி. பாவத்தில் விழுந்துவிட்டால் மனதைச் சாட்டையால் அடிக்காதே, இரக்கத்தோடு கைகொடுத்துத் தூக்கு என்கிறார். பாரீசின் அந்த ஆறு வாரம் தெரிந்தவர்களுக்கு இந்த வரிகள் எங்கிருந்து வருகின்றன என்று புரியும்.

அனைவரும் புனிதத்துக்கு அழைக்கப்பட்டவர்கள் என்று இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1964இல் அறிக்கையிட்டது. நம் பங்குகளில் இன்றும் 'சாமியார், சிஸ்டர்தான் புனிதமாக வாழ முடியும், நாம் குடும்பஸ்தர்' என்ற பேச்சு காதில் விழுகிறது. அதைக் கேட்கும்போதெல்லாம் இந்தப் புத்தகத்தை எடுத்துக் கையில் கொடுக்கத் தோன்றும்.

நல்ல எழுத்தாளர் சரி, இறையியலாளர் என்று ஏன் சொல்கிறார்கள்?

1616இல் வந்த 'இறையன்பு பற்றிய ஆய்வு' அதற்கான பதில். பன்னிரண்டு பகுதிகள் கொண்ட பெரிய நூல். மனிதனின் விருப்பம் எப்படி இயங்குகிறது, கடவுளின் அருள் அதைக் கட்டாயப்படுத்தாமல் எப்படி இழுக்கிறது, அன்பு எப்படிப் பிறந்து வளர்ந்து தன்னையே மறக்கும் நிலைக்குப் போகிறது என்று படிப்படியாகப் போகும். எளிதில் படித்துவிட முடியாது, பொறுமை வேண்டும். அதன் ஒன்பதாம் பகுதியில், கடவுளின் விருப்பம் எதுவானாலும் ஏற்கும் மனம் பற்றிப் பேசுகிறார். பத்தொன்பது வயதுப் பையனின் ஜெபம் அங்கே முதிர்ந்த இறையியலாக நிற்கிறது.

இன்னொரு செய்தி. அருளா, மனித சுதந்திரமா என்று தோமினிக்கன் சபையாரும் இயேசு சபையாரும் உரோமையில் வருடக் கணக்கில் மோதிக்கொண்டிருந்தார்கள். திருத்தந்தை ஐந்தாம் பவுல் பிரான்சிசின் கருத்தையும் கேட்டார். ஒரு தரப்பைக் கண்டனம் செய்து முடிக்கும் பாதையை அவர் சொல்லவில்லை. 1607இல் திருத்தந்தையும் எந்தத் தரப்பையும் கண்டிக்காமல் விவாதத்தை முடித்தார்.

1877இல் திருத்தந்தை ஒன்பதாம் பயஸ் அவரை மறைவல்லுநராக, அதாவது திருச்சபை முழுவதற்கும் ஆசிரியராக, அறிவித்தார்.

ஜேன் ஷந்தால் யார்? இருவரும் சேர்ந்து தொடங்கிய சபை எது?

1604 தவக்காலத்தில் பிரான்சிஸ் திஜோன் நகரில் மறையுரை ஆற்றப் போனார். முன்வரிசையில் உட்கார்ந்து கேட்ட ஓர் இளம் விதவைதான் ஜேன் ஷந்தால் சீமாட்டி. மூன்று வருடத்துக்கு முன் வேட்டையில் நடந்த விபத்தில் கணவரை இழந்தவர், நான்கு பிள்ளைகளின் தாய். அன்றிலிருந்து பதினெட்டு வருடம் அவர்களுக்குள் நடந்த கடிதப் போக்குவரத்து ஆன்மிக நட்புக்கு ஒரு பெரிய சான்று. அதில் ஒரு கடிதத்தில், 1604 அக்டோபரில், பிரான்சிஸ் பெரிய எழுத்தில் எழுதிய வரி இது: 'எல்லாவற்றையும் அன்பால் செய்ய வேண்டும், எதையும் வற்புறுத்தலால் செய்யக் கூடாது.'

1610 ஜூன் 6 அன்று ஒரு சில பெண்களோடு அன்னசியில் மினவுதல் சபை பிறந்தது. மரியா எலிசபெத்தைப் பார்க்கப் போனாரே, அந்த நிகழ்ச்சியின் பெயர். வயதானவர்கள், விதவைகள், நோயாளிகள் என்று மற்ற மடங்கள் தள்ளிவிட்ட பெண்களுக்கு இங்கே இடம் உண்டு. கடும் தவம் இல்லை, உள்ளத்தின் தாழ்ச்சி போதும். சகோதரிகள் வெளியே போய் ஏழைகளையும் நோயாளிகளையும் பார்த்தார்கள்.

அந்தக் கடைசி அம்சம் நிலைக்கவில்லை. லியோன் பேராயர், பெண் துறவிகள் மடத்தின் அடைப்புக்குள்தான் இருக்க வேண்டும் என்று வலியுறுத்தினார். 1618இல் அது அடைப்பு மடமாக மாறியது. பிரான்சிஸ் விட்டுக்கொடுத்தார். எனக்கு இன்றுவரை இது ஒரு இழப்பாகவே படுகிறது. அவர் கனவு கண்ட அந்தத் தெருவோரப் பணியைப் பின்னர் வின்சென்ட் தே பவுலும் லூயிஸ் தெ மரிலாக்கும் தொடங்கிய பிறரன்புப் புதல்வியர் சபை செய்துகாட்டியது.

ஜேன் வீட்டைவிட்டுக் கிளம்பியபோது பதின்வயது மகன் வாசற்படியில் குறுக்கே படுத்துக்கொண்டான் என்பதும், அவர் அழுதுகொண்டே அவனைத் தாண்டிப் போனார் என்பதும் இந்தக் கதையின் பகுதி. அதைப் படித்துவிட்டு மனம் கலங்காமல் இருக்க முடியாது.

நம் வீடுகளுக்கும் இந்தச் சபைக்கும் நேரடித் தொடர்பு உண்டு. கூடத்தில் மாட்டியிருக்கும் இயேசுவின் திரு இருதயப் படத்தையும் முதல் வெள்ளி பக்தியையும் உலகெங்கும் பரப்பக் காரணமான மார்கரீத் மரியா அலக்கோக், பாரே-லெ-மோனியல் ஊரில் இருந்த மினவுதல் மடத்துச் சகோதரி.

அவருக்குக் கோபமே வராதா?

வரும், நன்றாகவே வரும். முகம் சிவப்பதைக் கூட இருந்தவர்கள் பார்த்திருக்கிறார்கள். வாயைத் திறக்கமாட்டார், அவ்வளவுதான். பல வருடப் பயிற்சி அது. துளித்துளியாகச் சேர்த்துவைத்த சாந்தத்தை ஒரு கால்மணி நேரக் கோபத்தில் கொட்டிவிட வேண்டுமா என்று அவர் கேட்டதாகச் சொல்வார்கள்.

பெல்லே மறைமாவட்ட ஆயர் ழான்-பியேர் கமு அவருடைய நெருங்கிய நண்பர். ஆள் தனியாக இருக்கும்போதும் இப்படித்தான் இருக்கிறாரா என்று பார்க்க, பிரான்சிஸ் விருந்தாளியாக வந்த அறையின் சுவரில் துளை போட்டு எட்டிப்பார்த்தார். தனிமையிலும் அதே அடக்கம், அதே அமைதி. இதை கமுவே எழுதிவைத்திருக்கிறார்.

இணையத்தில் சுற்றும் மேற்கோள்கள் எல்லாம் அவருடையவைதானா?

கவனம் தேவை. 'ஒரு பீப்பாய் காடியைவிட ஒரு கரண்டித் தேனுக்கு ஈக்கள் அதிகம் வரும்' என்ற பிரபலமான வரி நண்பர் கமு வழியாக நமக்கு வந்தது. 'நீங்கள் இருப்பதுபோல் இல்லாமல் வேறு யாராகவோ இருக்க ஆசைப்படாதீர்கள், நீங்கள் யாரோ அதை மிக நன்றாக இருக்க ஆசைப்படுங்கள்' என்பது 1607இல் அவர் எழுதிய கடிதத்திலேயே இருக்கிறது. படங்களின் மேல் பூப்போட்டு வரும் மற்ற வரிகளில் பல, அவர் நூல்களில் காணக் கிடைக்காதவை.

பெரிய மறைமாவட்டங்களுக்குக் கூப்பிட்டும் போகவில்லையா?

போகவில்லை. 1602இல் பாரீசில் அவர் மறையுரையைக் கேட்ட நான்காம் ஹென்றி மன்னர் பிரான்சிலேயே தங்கச் சொன்னார். தனக்கு ஏற்கெனவே ஓர் ஏழை மனைவி இருக்கிறாள், அவளை விட்டுவிட்டுப் பணக்காரியைத் தேடிப் போக முடியாது என்ற பொருளில் பதில் சொன்னாராம். 1618–19இல் மறுபடி பாரீசுக்குப் போனபோதும் அங்கே துணை ஆயராக்க முயன்றார்கள். அப்போதும் அன்னசிக்கே திரும்பினார்.

எப்படி இறந்தார்?

1622 இறுதியில், உடல்நிலை சரியில்லாதபோதும், கோமகனோடு அவிஞ்ஞோன்வரை பயணம் போக வேண்டியிருந்தது. திரும்பும் வழியில் லியோனில் தங்கினார். பெரிய வீடுகள் திறந்திருக்க, மினவுதல் மடத்தின் தோட்டக்காரர் குடிசையே போதும் என்றார். டிசம்பர் 27 அன்று மூளை ரத்தக்கசிவு. அந்தக் கால வைத்தியர்கள் பழுக்கக் காய்ச்சிய இரும்பால் தலையில் சூடு வைத்தார்கள். அடுத்த நாள் இரவு இறந்தார், ஐம்பத்தைந்து வயதில். உடல் அன்னசிக்கு வந்தது. 1623 ஜனவரி 24 அன்று அடக்கம். அதனால்தான் திருவிழா ஜனவரி 24. இதயம் லியோன் சகோதரிகளிடமே இருந்தது. பிரெஞ்சுப் புரட்சியின்போது அதைக் காப்பாற்றி இத்தாலிக்குக் கொண்டுபோனார்கள். இப்போது திரெவிசோ நகர மடத்தில் இருக்கிறது. 1665இல் புனிதர் பட்டம்.

பத்திரிகையாளர்களுக்கு இவர் எப்படிப் பாதுகாவலர் ஆனார்?

ஷாப்லே துண்டுத்தாள்களால். 1923இல், அவர் இறந்த முந்நூறாம் ஆண்டையொட்டி, திருத்தந்தை பதினொன்றாம் பயஸ் கத்தோலிக்க எழுத்தாளர்களுக்கும் பத்திரிகையாளர்களுக்கும் அவரைப் பாதுகாவலராக அறிவித்தார். உலகச் சமூகத் தொடர்பு நாளுக்கான திருத்தந்தையின் செய்தி ஒவ்வோர் ஆண்டும் ஜனவரி 24 அன்று வெளியாவதும் அதனால்தான். எதிர்க்கருத்துள்ளவர்களை உண்மையோடும் மரியாதையோடும் எதிர்கொண்டவர் அவர். கைபேசியில் ஒரு வரி தட்டுவதற்கு முன் நினைத்துப் பார்க்க ஏற்ற புனிதர்.

முதன்முதலாகப் படிக்கிறேன், எங்கே தொடங்கலாம்?

'பக்தி வாழ்வு' நூலின் மூன்றாம் பகுதியில் தொடங்குங்கள். முதல் பகுதியின் தியானங்கள் கொஞ்சம் கனமானவை, பிறகு திரும்பி வரலாம். மூன்றாம் பகுதியின் எட்டு, ஒன்பது, பத்தாம் அதிகாரங்களை மட்டும் ஒருநாள் மாலை நிதானமாகப் படியுங்கள். எட்டாவது, மற்றவர்களிடம் சாந்தம். ஒன்பதாவது, தன்னிடமே சாந்தம். பத்தாவது, வேலைகளைப் பதறாமல் பார்ப்பது. அதில் ஒரு சின்னக் காட்சி வரும். அப்பாவோடு வேலியோரம் நடக்கும் குழந்தை ஒரு கையால் அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டு, மறு கையால் செடியிலிருந்து பழம் பறிக்கிறது. உங்கள் வேலையையும் அப்படியே பாருங்கள் என்கிறார் ஆயர். பழம் பறிக்கும் ஆசையில் அந்த இன்னொரு கையை மட்டும் விட்டுவிடாதீர்கள்.